சிங்கப்பூரிலிருந்து ஒரு நுழைவு

தான் பூட்டிய எதையும் அண்ணன் நம்பியதில்லை; என் முதலாளியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன். காரைப் பூட்டிவிட்டுச் சற்றுத் தூரம் நடப்பார்; திரும்பி வந்து கதவுப் பிடியை இழுத்துப் பார்ப்பார். நான் பூட்டியிருந்தால் எல்லாக் கதவுகளையும் இழுத்துப் பார்ப்பார். சாப்பாட்டுக் கடையில் ஆர்டர் சொல்ல என்னை அனுப்புவார். நான் சொல்லிவிட்டுத் திரும்பினால், எனக்குப் பின்னாலேயே வந்து நின்று அதே ரொட்டி சானாயை அதே ஆளிடம் மறுபடி சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் மேசைக்கு ரொட்டி இரட்டிப்பாக வந்து இறங்கும்.

"பரவால்லலா, சாப்பிடு. வராமப் போறதுக்கு ரெண்டு தடவ வந்தா என்னா?"

அவர் மனைவி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தின் நடுவில் பைக்கில் நின்றபடி இவர் வீட்டுக்குப் போன் போடுவார், கேஸ் அடுப்பு மூடியாச்சா என்று கேட்க. அண்ணி "மூடியாச்சு" என்பார். "போயி பாத்துட்டு வந்து சொல்லு" என்பார் இவர். அண்ணி நின்ற இடத்திலிருந்து ஓர் அடிகூட நகரமாட்டார். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "பாத்துட்டேங்க" என்பார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த நிதானம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

பாலத்துக்கு மலேசியப் பக்கம், ஜொகூர் பாருவில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்த அறைதான் அவருடைய கம்பெனி. கம்பெனி என்றால் அவர், நான், எப்போதும் ஒழுகும் ஓர் ஏர்கான். பகலில் அவருக்குச் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை. காலையில் பைக்கில் பாலத்தைத் தாண்டுவார், மாலையில் அதே நெரிசலில் ஊர்ந்து திரும்புவார். எங்கள் ஊரில் பாதிப் பேர் பிழைப்பு அப்படித்தான். மற்றவர்களின் வலைத்தளங்களை வைத்துப் பராமரிப்பது எங்கள் தொழில். மூவாரில் மேசை நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள், ஒரு பல் மருத்துவர், மெர்சிங்கில் தீவுகளுக்குப் படகு விடுகிற ஓர் அக்கா. இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள்.

நான் சாஆ என்ற ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். கணினிப் பாதுகாப்பு படித்தேன். வேலை கிடைத்ததும் அம்மாவுக்கு விளக்கினேன்: "வெப்சைட்டுக்குள்ள யாராச்சும் திருட்டுத்தனமா வர்றாங்களான்னு பாக்குறதும்மா."

"ஜாகா வேலையா?" என்றார் அம்மா. தோட்டத்து கேட்டில் உட்கார்ந்திருக்கும் காவல்காரரைத்தான் நாங்கள் ஜாகா என்போம்.

"அப்படி இல்லம்மா..."

"அதுக்கா இவ்ளோ படிச்ச? உங்க மாமா ஆறாவதோட நிப்பாட்டிட்டு பேங்க்ல ஜாகாவா இருக்காரு. யூனிபார்ம்கூட குடுக்குறாங்க."

யூனிபார்ம் இல்லாத அந்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்பதில் நான் தீவிரமாக இருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களின் தளங்கள் ஒரே இடத்தில் இல்லை. பழைய சில தளங்கள் எங்கள் அறையின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த கணினியில் இருந்தன. சில, வேறொரு நிறுவனத்தின் சர்வரில், முன்பின் தெரியாத நூறு தளங்களோடு ஒண்டுக்குடித்தனம் இருந்தன. தோட்டத்து லயத்தில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள் மாதிரி. ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக் கூரையும் சூடாகும். மெர்சிங் அக்காவின் தளம் மட்டும் புதிது, கிளவுடில் வாடகைக்கு எடுத்த தனி இடத்தில் இருந்தது. மூன்று இடங்களையும் ஒரே திரையில் பார்க்கிற மாதிரி ஒரு கண்காணிப்பை ஏற்படுத்த வேண்டும், யார் எங்கிருந்து எந்தத் தளத்துக்குள் நுழைந்தாலும், சந்தேகமாக இருந்தால் உடனே மணி அடிக்க வேண்டும் என்று நான் திட்டம் போட்டேன். எல்லாவற்றுக்கும் அண்ணன் அனுமதி தர வேண்டும். உரிமையாளர் கணக்கு அவருடையது.

"இது யாரையெல்லாம் பாக்கும்?" என்று கேட்டார்.

"உள்ள வர்ற எல்லாரையும் பாக்கும்ண்ணே."

"என்னையுமா?"

"உங்களையும்தான்."

"என்னைய எதுக்குலா? நான் என்ன களவாணியா?"

"உங்க பேர்ல வேற யாராச்சும் வந்தா?"

"என் பேர்ல நான்தான் வருவேன்."

இதற்கு மேல் ஒரு மனிதருக்கு என்ன விளக்குவது? வாரக்கணக்கில் மன்றாடினேன். ஒரு நாள் திடீரென்று, ஏதோ எனக்குப் பலகாரம் வாங்கித் தருவது போல, "சரி, போட்டுக்க" என்றார். நான் மூன்று இடங்களிலும் கண்காணிப்பைப் போட்டுக்கொண்டேன். கிளவுடில் எளிது. மூலைக் கணினியில் ஒரு சிறிய நிரலை நிறுவினேன். ஒண்டுக்குடித்தன சர்வரில் எதையும் நிறுவ விடமாட்டார்கள். அதனால் அந்தத் தளங்களுக்கு முன்னால் வெளியே ஒரு வாசலை வைத்து, வருகிறவர்கள் எல்லாரும் அதன் வழியாகவே போகும்படி செய்தேன். எல்லாம் ஒரே திரையில் தெரிந்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

மறுநாளே மணி அடித்தது. மூவார் தளம், நிர்வாகி நுழைவு, சிங்கப்பூர். கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் அதே கணக்கு ஜொகூரிலிருந்து நுழைந்திருந்தது. ஒரே ஆள் அவ்வளவு சீக்கிரத்தில் இரண்டு நாட்டில் இருக்க முடியாது என்பது அந்த இயந்திரத்தின் கணக்கு. அதைச் செய்தவர்கள் எங்கள் பாலத்தைப் பார்த்ததில்லை. பதறிப்போய் அண்ணனுக்கு வாட்சாப்பில் கேட்டேன்: "அண்ணே, நீங்களா?"

"நான்தான். சும்மா ஒரு பார்வ பாத்தேன்."

அன்றிலிருந்து ஆரம்பித்தது. அவர் பைக்கில் ஏறும்போது ஒரு பார்வை, பாலத்தில் நின்றால் ஒரு பார்வை, பாஸ்போர்ட் காட்டும் குடிநுழைவு வரிசையில் ஒரு பார்வை, தொழிற்சாலையில் தேநீர் இடைவேளையில் ஒரு பார்வை. பார்வையோடு நின்றாலும் பரவாயில்லை. கை சும்மா இருக்காது. ஒரு மாலை, நெரிசலில் நின்றபடியே பல் மருத்துவரின் தளத்தில் எதையோ புதுப்பிக்கும் பொத்தானை அமுக்கிவிட்டார். உடனே வண்டிகள் நகர ஆரம்பித்திருக்கின்றன. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டார். பாலத்தைத் தாண்டி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, டாக்டரோடது வெள்ளையா இருக்கு."

"எப்படி வெள்ளையாண்ணே?"

"பூரா வெள்ளை. பல்லு மாதிரி."

மருத்துவர் ஏற்கெனவே எனக்கு ஏழெட்டு முறை போன் அடித்திருந்தார்.

நுழையும்போது போனுக்கு ஒரு ரகசிய எண் வரும், அதையும் போட்டால்தான் உள்ளே விடும் என்று எல்லாக் கணக்குகளுக்கும் ஏற்பாடு செய்திருந்தேன். தனக்கு மட்டும் அதை அவர் நீக்கிவிட்டார். காரணம் கேட்டேன். பாலத்தின் நடுவில் போன் மலேசிய அலைவரிசையா சிங்கப்பூர் அலைவரிசையா என்று தடுமாறிக்கொண்டே இருக்கும், அந்த எண் வந்து சேராது என்றார். உண்மைதான். ஆனால் பாலத்தின் நடுவில் எதற்காக உள்ளே போக வேண்டும் என்று கேட்டேன். அங்கேதான் தனக்கு நேரம் இருக்கிறது என்றார். அதுவும் உண்மைதான். அவரோடு வாதாடினால் இப்படித்தான், ஒவ்வொன்றும் சரியாக இருக்கும், மொத்தமும் தப்பாக இருக்கும்.

கடைசியில் எங்களுக்குள் ஒரு பழக்கம் ஏற்பட்டது. மணி அடிக்கும். "அண்ணே, நீங்களா?" என்று அனுப்புவேன். "நான்தான்" என்று வரும். எச்சரிக்கையை மூடிவிடுவேன். அவரைக் கண்காணிப்பதற்காகவே இவ்வளவு பாடுபட்டு மூன்று இடங்களை ஒன்று சேர்த்தேனோ என்று சலிப்பாக இருந்தது. யார் ஜாகா, யார் திருடன் என்று ஒரு முறை அவரிடமே கேட்டுவிட்டேன். வெகுநேரம் சிரித்தார். பிறகு, "அப்படின்னா உன் மெஷின் நல்லாதான் வேல செய்யுது" என்றார்.

மெர்சிங் அக்கா விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவருடைய தளத்தில் படகுக்கு முன்பதிவு செய்கிற வெளியூர்க்காரர்கள் தங்கள் பாஸ்போர்ட்டின் படத்தையும் அனுப்பி வைப்பார்கள். அக்காவுக்குக் கணினி என்றாலே ஆகாது. இணையத்துக்கு வரமாட்டேன் என்று நின்றவரை அண்ணன்தான் பேசிப் பேசிக் கரைத்தார். "அக்கா, உங்க பயணிங்க பாஸ்போர்ட்ட என்னைய தவிர ஒரு ஈ காக்கா பாக்காது. இது என் வார்த்த" என்று படகுத்துறையில் வைத்துச் சொன்னார். அக்கா நம்பியது தளத்தை அல்ல, அந்த வார்த்தையை.

சிங்கப்பூரில் ஒரு பொது விடுமுறை நாள். அண்ணன் வேலைக்குப் போகவில்லை. மதியம் இரண்டு பேருக்கும் வாழையிலைச் சாப்பாடு கட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் விரித்து உட்கார்ந்தோம். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தார். மணி அடித்தது. திரையை எட்டிப் பார்த்தேன். மெர்சிங் தளம், நிர்வாகி நுழைவு, சிங்கப்பூர்.

"அண்ணே, நீங்களா?"

"நான்தான்லா" என்றார், சோற்றை உருட்டிக்கொண்டே.

நான் எச்சரிக்கையை மூடப் போனேன். கை பாதியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய வலது கை சோற்றில் இருந்தது. இடது கையில் அப்பளம். போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது.

"அண்ணே."

"என்னா?"

"நீங்க இங்க இருக்கீங்க."

கொஞ்சம் யோசித்தார். "ஆமா" என்றார்.

திரையில் அந்த 'அண்ணன்' மெர்சிங் தளத்தின் பயனர் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தது. பட்டியலில் அதற்கு அடுத்தது பயணிகள் பக்கம். பாஸ்போர்ட் படங்கள் அங்கேதான் இருந்தன.

"உங்க கணக்க ஒடனே மூடணும்ண்ணே."

"இரு, நான் உள்ள போயி யாருன்னு பாக்குறேன்."

"நீங்க உள்ள போனா, எது நீங்க, எது அவன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"என் கம்பெனில என்னையே வெளிய வச்சிப் பூட்டுவியா நீ?"

எனக்கு அந்த அதிகாரம் இருந்திருந்தால் கேட்காமலேயே பூட்டியிருப்பேன். உரிமையாளர் கணக்கை முடக்குவதும், தளத்தை நிறுத்துவதும், இரண்டும் அவருடைய போனிலிருந்துதான் முடியும். எனக்குத் தரச் சொல்லி எத்தனையோ முறை கேட்டிருந்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் நீட்டினேன். அது அவருடைய வலது பெருவிரல் பட்டால்தான் திறக்கும். போனின் ரகசிய எண்ணை மாற்றி மாற்றி வைத்து அவருக்கே மறந்து போயிருந்தது.

பெருவிரலை வைத்தார். ரசமும் பருப்புமாக இருந்த விரலைப் போன் ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். கண்ணாடி முழுக்க நெய் பரவியது.

"கையக் கழுவிட்டு வாங்கண்ணே!" என்று கத்தினேன். அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

எழுந்து ஓடினார். கழுவிக்கொண்டு ஓடி வந்தார். ஈரக் கையையும் அது ஏற்கவில்லை. "அலமாக்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நான் என் சட்டை நுனியால் அவர் விரலைப் பிடித்து, குழந்தைக்குத் துடைப்பது போல் துடைத்தேன். திறந்தது. கணக்கை முடக்கும் பொத்தானைக் காட்டினேன். விரல் அதன் மேலேயே நின்றது.

"இத அமுக்கினா நானும் உள்ள போக முடியாதா?"

"முடியாது."

"பாக்கக்கூட?"

"பாக்கக்கூட."

அமுக்கினார். திரையில் அந்த மற்ற அண்ணன் மறைந்தது. பதிவுகளைப் பார்த்தேன். அன்றைக்குப் பயணிகள் பக்கத்தை அது திறக்கவில்லை. மூச்சு வந்தது. ஆனால் உடனே அடுத்த கேள்வியும் வந்தது. இதற்கு முன்னால்?

பழைய எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். எல்லாவற்றையும் அவர் வார்த்தையை வைத்து மூடியிருந்தேன். இது நீங்களா, இது நீங்களா என்று கேட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாலத்தை நினைவுக்குக் கொண்டுவந்தார்.

"அன்னிக்கு மழ. வண்டி நகரவே இல்ல. நான்தான். இது... அன்னிக்கு லாரி ஒண்ணு படுத்துக்கிச்சு, ரொம்ப நேரம் நின்னோம், நான்தான். இது காலைல, கூட்டம் இல்ல, சர்ர்ருனு போயிட்டேன்..."

நிறுத்திவிட்டார். போனை எடுக்கவே நேரம் இல்லாத ஒரு காலையில் 'அவர்' மெர்சிங் தளத்துக்குள் இருந்திருக்கிறார். அந்த நாளின் வாட்சாப்பில் என் கேள்வி இருந்தது. கீழே அவருடைய "நான்தான்" இருந்தது.

"பாக்காமலே அனுப்பிட்டீங்களாண்ணே?"

"நீ கேட்டா நான்தானேலா இருக்கும்?"

அந்தக் காலையில் எந்தெந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்ற பதிவு அழிந்து போயிருந்தது. பழைய பதிவுகளைச் சில வாரங்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. ஆறிப்போன சோற்றின் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். திட்ட வேண்டும் போல் இருந்தது. திட்டுவதற்கு எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

"போன்ல சொல்லிடலாம்ண்ணே" என்றேன்.

"போன்ல வேணாம். நேரா போவோம்."

கோத்தா திங்கியைத் தாண்டி மெர்சிங் வரை அவரே காரை ஓட்டினார். அக்காவின் கடை படகுத்துறை ஓரத்தில்தான். உயிர்காப்புச் சட்டைகளை வெயிலில் காயப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "என்னா ரெண்டு பேரும் ஜோடியா? தீவுக்கா?" என்று சிரித்தார். அண்ணன் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

அக்காவின் சிரிப்பு போய்விட்டது. "பாஸ்போர்ட்ட பாத்துட்டானுங்களா?"

"தெரியலக்கா. பாத்திருக்கலாம். பாக்கலன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

"நீ என்னா சொன்ன தம்பி எனக்கு? இங்கதான நின்னு சொன்ன?"

"ஆமாக்கா."

அக்கா ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டார். இன்னொன்றையும் உதறிப் போட்டார். "அந்தக் காலைல வரைக்கும் எத்தன பேரு படம் அதுல இருந்திருக்கும்?"

நான் சொன்னேன். அதிகம்தான்.

"அவங்களுக்கு யாரு சொல்லுவா?"

நாங்கள் பதில் சொல்வதற்குள் அவரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஒக்காரு. எல்லாத்தையும் நீயேதான செய்வ? இதையும் நீயே செய். ஒவ்வொருத்தருக்கா கூப்பிட்டுச் சொல்லு. அதுக்கப்புறம் ஒன்ன வச்சிக்கிறதா அனுப்புறதான்னு நான் சொல்றேன்."

அண்ணன் உட்கார்ந்தார். நான் மடிக்கணினியில் பயணிகளின் எண்களைத் திறந்தேன். பாதியை நான் கூப்பிடுகிறேன் என்றேன். அவர் ஏற்கெனவே முதல் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய்க் கூப்பிட ஆரம்பித்தேன். படித்த பையன் அல்லவா, சுருக்கமாகத் தெளிவாகப் பேசினேன். உங்கள் பாஸ்போர்ட் படத்தை வேறு யாராவது பார்த்திருக்க வாய்ப்பு இருக்கிறது, இன்னின்னதைக் கவனியுங்கள், வருந்துகிறோம். சிலர் நன்றி சொன்னார்கள். சிலர் பாதியில் வைத்துவிட்டார்கள். என் பங்கு வேகமாக முடிந்தது.

உள்ளே வந்தால் அண்ணன் யாரோ ஒருவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மறுமுனையில் கத்துவது எனக்கே கேட்டது. மலாயில் கொஞ்சம், ஆங்கிலத்தில் கொஞ்சம், "ஆமாங்க, என்னோட தப்புதான்" என்பதை எல்லா மொழியிலும் சொன்னார். அவர் வைத்ததும் குனிந்து, அடுத்து யாருக்குப் போன் போடுகிறார் என்று பார்த்தேன். அது என் பங்கில் இருந்த எண். சற்று முன்னால்தான் நான் பேசி முடித்திருந்தேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு நடந்த பிறகுமா?

"அண்ணே! அவங்ககிட்ட நான் சொல்லியாச்சு! ஒழுங்காதான் சொன்னேன்! அதையும் போயி இழுத்துப் பாக்கணுமா நீங்க?"

அவர் போனைக் காதிலிருந்து இறக்கினார். கண் சிவந்திருந்தது.

"நீ ஒழுங்கா சொல்லிருப்ப தம்பி. எனக்குத் தெரியும்" என்றார். "வார்த்த குடுத்தது நீ இல்லயே. நான் இன்னும் அவங்ககிட்ட சொல்லலயே."

அக்கா கொடிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். சட்டைகளை உதறும் சத்தம் நின்றிருந்தது.

அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். மடிக்கணினியை என் பக்கம் திருப்பிக்கொண்டு, என் பங்கின் முதல் ஆளிலிருந்து ஒவ்வொரு எண்ணாக அவருக்கு வாசிக்கத் தொடங்கினேன்.